படத்தில் என்ன இருக்கிறது, ஐயா?

இந்த வாரத் தியானப் பகுதி: லூக்கா 18:35–43

கிறிஸ்து இயேசுவுக்குள் பிரியமானவர்களே,

இந்த வாரத் தியானத்தை ஓர் அறிக்கையோடு தொடங்க வேண்டியவனாக இருக்கிறேன். பாவ அறிக்கை என்றே அதை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

கடந்த லெந்து நாட்களில் நம் சபையின் மூத்த அங்கத்தினர் ஒருவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆப்செட் இயந்திரம் ஓட்டியவர். இரவு ஒன்பது மணிக்குமேல் எனக்குச் செய்தி வந்தது. மறுநாள் மாலை நான்கு மணிக்கு அடக்க ஆராதனை என்று குடும்பத்தார் தீர்மானித்தார்கள். நம் வாலிபர் ஒருவரிடம் சொல்லி, அவருடைய புகைப்படம், பெயர், வயது, ஆராதனை நேரம், கல்லறைத் தோட்டம் ஆகிய யாவும் அடங்கிய அறிவிப்பு அட்டை ஒன்றைக் கைபேசியிலேயே வடிவமைக்கச் செய்தேன். அதைச் சபையின் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிவிட்டு, என் கடமை முடிந்தது என்று எண்ணிப் படுக்கச் சென்றேன்.

மறுநாள் திரளானோர் வந்திருந்தீர்கள். ஒருவர் மட்டும் வரவில்லை. மரித்தவரின் உற்ற தோழர் அவர். ஒரே அச்சகத்தில், ஒரே இயந்திரத்தின் இரு புறமும் நின்று உழைத்தவர். சர்க்கரை நோய் விழித்திரையைப் பாதித்ததால் சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய பார்வை முற்றிலும் போயிற்று. ஆனாலும் ஞாயிறு தவறாமல் ஆராதனைக்கு வருகிறவர். அவர் வராதது எனக்கு உறுத்தலாக இருந்தது. சேகரக் கமிட்டித் தேர்தலின்போது இருவருக்கும் இடையே ஏற்பட்ட பழைய மனஸ்தாபம் என் நினைவுக்கு வந்தது. மரணத்திலும் மன்னிக்காத மனம் என்று என் உள்ளத்தில் அவரை நியாயந்தீர்த்தேன்.

மூன்றாம் நாள் அவரைச் சந்திக்கச் சென்றேன். மகளின் பிரசவத்திற்காக அவருடைய துணைவியார் தூத்துக்குடிக்குப் போயிருந்தார். அடுத்த வீட்டார் வேளாவேளைக்கு உணவு கொடுத்து வந்தனர். அவர்கள் நம் சபையார் அல்லர். சிறிது நேரம் பேசிவிட்டு, “அண்ணாச்சி, எவ்வளவு மனவருத்தம் இருந்தாலும் அடக்கத்துக்காவது வந்திருக்கலாமே” என்றேன்.

அவர் என் பக்கமாக முகத்தைத் திருப்பினார். “யாருடைய அடக்கம், ஐயா?” என்று கேட்டார்.

பிரியமானவர்களே, என் ஊழிய வாழ்வில் பல துக்க வீடுகளில் நின்றிருக்கிறேன். ஆயினும் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னதைப்போல் கடினமான வேளை எனக்கு நேர்ந்ததில்லை. அவர் நெடுநேரம் அழுதார். பிறகு தம் கைபேசியை எடுத்து, விரலால் தடவி, நான் அன்றிரவு அனுப்பியதை எனக்குக் கேட்கச் செய்தார். என் பெயர், “புகைப்படம்” என்ற ஒரு சொல், வந்து சேர்ந்த நேரம். இவ்வளவுதான் அந்தக் கைபேசி சொல்லிற்று.

“உங்களிடமிருந்து தினமும் காலையில் ஒரு புகைப்படம் வரும். ஞாயிறு சாயங்காலம் நாலைந்து வரும். எல்லாவற்றுக்கும் இதே குரல்தான். அன்று ராத்திரியும் இப்படித்தான் சொன்னது. ஏதோ படம் என்று விட்டுவிட்டேன், ஐயா” என்றார்.

தினமும் காலையில் வரும் அந்தப் படம் என்னவென்று உங்களுக்குத் தெரியும். 2020ஆம் ஆண்டு ஊரடங்கு நாட்களில் நாம் தொடங்கிய வாக்குத்தத்த அட்டை அது. மலையும் அருவியும் பூக்களும் பின்னணியாக, அழகிய எழுத்தில் ஒரு வேத வசனம். “இன்றைய வாக்குத்தத்தம் எனக்காகவே வந்தது, ஐயா” என்று உங்களில் எத்தனையோ பேர் எனக்குப் பதில் அனுப்பியிருக்கிறீர்கள். அந்த ஆண்டுகள் முழுவதும் ஒரு சகோதரனுக்கு நான் நாள்தோறும் அனுப்பியது “புகைப்படம்” என்ற ஒற்றைச் சொல்லையே. இதை ஏன் முன்னமே என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீங்கள் ஊருக்கெல்லாம் அனுப்புகிறீர்கள். எனக்கென்று தனியாக எப்படிக் கேட்பது?” என்றார்.

பார்வையற்றோர் கைபேசியையும் கணினியையும் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பதை நான் அதன்பின்தான் கற்றேன். உங்களுக்கும் சுருக்கமாகச் சொல்கிறேன். திரைவாசிப்பான் என்றொரு மென்பொருள் உண்டு. திரையிலுள்ள எழுத்துகளை அது உரக்க வாசித்துக் காட்டும். நம்மில் பெரும்பாலோர் வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு கைபேசிகளில் ‘டாக்பேக்’ என்ற பெயரில் அது ஏற்கெனவே இருக்கிறது, தமிழிலும் வாசிக்கும். கணினிக்கு ‘என்.வி.டி.ஏ.’ என்ற இலவச மென்பொருள் உண்டு. அதை 2006ஆம் ஆண்டு உருவாக்கத் தொடங்கியவர்கள் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்னும் இருவர், இருவரும் பார்வையற்றவர்களே. ஆனால் இத்தகைய கருவிக்கு எழுத்து எழுத்தாக இருக்க வேண்டும். வசனத்தைப் படத்தின்மேல் பொறித்துவிட்டால் அது எழுத்தாக நிற்பதில்லை. வண்ணப் புள்ளிகளின் கூட்டமாகிவிடுகிறது. அப்படத்தைக் குறித்து நாம் ஒன்றும் எழுதி வைக்காவிட்டால், ‘படம்’ என்று மட்டும் சொல்லிக் கருவி அப்பால் போய்விடும். படத்தில் இருப்பதைச் சொற்களில் எழுதி அதனோடு இணைத்து வைப்பதற்கு ‘மாற்று உரை’ என்று பெயர்.

இப்பொழுது நம் தியானப் பகுதிக்கு வருவோம். எரிகோவுக்குச் சமீபமாக, வழியருகே பிச்சை கேட்டு உட்கார்ந்திருக்கிறான் ஒரு குருடன். திரளான மக்கள் நடந்துபோகிற ஓசை அவன் காதில் விழுகிறது. ஏதோ நடக்கிறது என்று அவன் அறிவான். என்ன நடக்கிறது என்று அறியான். ஆகவே அதைப்பற்றி விசாரிக்கிறான். கூட்டத்தார் அவனுக்குப் பதில் சொல்கிறார்கள்: கடந்துபோகிறவர் நாசரேத்தூரிலிருந்து வந்த இயேசுவே.

இந்தப் பகுதியில் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். அவனுடைய கூக்குரலைக் குறித்துப் பேசினேன். இயேசு நின்றதைக் குறித்துப் பேசினேன். அவனுடைய விசுவாசத்தைக் குறித்துப் பேசினேன். பதில் சொன்ன அந்த மனிதரைக் குறித்து ஒருமுறைகூடப் பேசியதில்லை. அவருடைய பெயரை லூக்கா எழுதவில்லை. அவர் சொன்னதும் ஒரே ஒரு செய்திதான். யார் வருகிறார், என்ன செய்கிறார் என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. ஆனால் அந்தச் செய்தி இல்லாவிட்டால் அவன் யாரை நோக்கிக் கூப்பிட்டிருப்பான்? இரட்சகர் அவனுக்கு எதிரே பத்தடி தூரத்தில் நடந்து போயிருப்பார். அது அவனுக்கு ஒரு கூட்டத்தின் இரைச்சலாகவே முடிந்திருக்கும்.

அடுத்து நடந்ததையும் கவனியுங்கள். அவன் கூப்பிட்டபோது, முன்னே நடந்தவர்கள் அவனைப் பேசாதிருக்கும்படி அதட்டினார்கள். நம் சபையில் அந்தச் சகோதரனை யாரும் அதட்டவில்லை. அதட்டத் தேவையில்லாதபடி, கேட்கவே கூச்சப்படும் ஒரு நிலையை நாம் உண்டாக்கி வைத்திருந்தோம். அதட்டியவர்களைவிட நாம் எவ்வளவு நல்லவர்கள் என்று என்னால் சொல்ல இயலவில்லை.

இது நம் பகுதியில் நடந்தது என்பதே என்னை மேலும் சிந்திக்க வைத்தது. படங்களால் பிழைக்கிற ஊர் நம்முடையது. 1922ஆம் ஆண்டு அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்ததும், அதன்பின் இங்கே அத்தொழில் வேரூன்றியதும் நம் பிள்ளைகளும் அறிந்த வரலாறு. தீப்பெட்டிக்கு ஒட்டுவதற்கு லேபிள் வேண்டியிருந்தது. பின்பு பட்டாசுக்கும் வேண்டியிருந்தது. அந்தத் தேவையே சிவகாசியில் அச்சுத்தொழிலை வளர்த்தது. அந்நாட்களில் வாங்குவோர் பலருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. சேவல், மயில், யானை என்று லேபிளில் படம் இருந்தால், அதை அடையாளமாகச் சொல்லிக் கடையில் கேட்டு வாங்குவார்கள். எழுத்தறியாதவர் விலக்கப்படாதபடி படம் அவர்களுக்குத் துணை நின்றது. ஞாயிறு பள்ளியிலும் படச்சுருளை விரித்துக் காட்டித்தான் நம் பாட்டிமார் வேதக் கதைகளைக் கற்றார்கள். எழுத்தைக் காணாதவருக்குப் படம் கொடுத்த நாம், படத்தைக் காணாதவருக்கு எழுத்துக் கொடுக்க மறந்துபோனோம்.

அன்று அந்தச் சகோதரனை விட்டு எழும்பும் முன், அவர் ஒன்று கேட்டார். “நீங்கள் அனுப்பிய அந்தப் படத்தில் என்ன இருக்கிறது, ஐயா? எந்தப் போட்டோவைப் போட்டிருந்தீர்கள்?”

நான் கைபேசியைத் திறந்து பார்த்தேன். சபையார் யாவருக்கும் நானே அனுப்பிய படத்தை அப்பொழுதுதான் முதன்முறை உற்றுப் பார்த்தேன் என்று வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். வெள்ளைச் சட்டை, தடித்த சட்டமுள்ள மூக்குக்கண்ணாடி, லேசான சிரிப்பு என்று சொன்னேன். சட்டைப் பையில் கறுப்பாக ஏதோ தெரிகிறது, பேனாவாக இருக்கலாம் என்றேன்.

“பேனா இல்லை, ஐயா. அது புள்ளி பார்க்கிற லென்ஸ். அச்சான தாளில் நாலு கலரும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழுந்திருக்கிறதா என்று அதை வைத்துத்தான் பார்ப்போம். கோயிலுக்கு வரும்போதும் அவன் பையில் அது இருக்கும்” என்றார். சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, “நல்ல போட்டோதான்” என்றார்.

அந்த வாரமே அவரைக் கல்லறைத் தோட்டத்திற்கு அழைத்துச் சென்றேன். மண் இன்னும் ஈரமாக இருந்தது. அவர் குனிந்து மண்ணைத் தொட்டு, வாடிய மாலையைத் தொட்டு, தலைமாட்டில் நட்டிருந்த மரச் சிலுவையில் பெயரை விரலால் தேடினார். பெயர் பெயிண்டால் எழுதப்பட்டிருந்ததால் விரலுக்குத் தட்டுப்படவில்லை. நான் வாசித்துச் சொன்னேன்.

மறுநாள் காலைமுதல், வாக்குத்தத்தத்தைப் படத்தில் மட்டுமன்றி அதன் கீழேயும் எழுத்தாகத் தட்டச்சு செய்து அனுப்பத் தொடங்கினேன். நீங்கள் அதைக் கவனித்திருப்பீர்கள். சிலர், வசனம்தான் படத்திலேயே இருக்கிறதே, ஐயா ஏன் இரண்டுமுறை அனுப்புகிறார் என்று கேட்டதாகவும் கேள்விப்பட்டேன். அதற்குரிய பதில் இதுவே.

ஆனால் வசனம் இல்லாத படத்தை என்ன செய்வது? நல்ல மேய்ப்பர் படம் ஒன்றை அனுப்பியபோது, அதன் கீழே நான் எழுதிய முதல் விவரணை இது: “காணாமற்போன ஆத்துமாக்களைத் தேடி வரும் நேசரின் அளவில்லா அன்பு.” எழுதிவிட்டு மனநிறைவோடு இருந்தேன். மாலையில் அந்தச் சகோதரனிடமிருந்து அழைப்பு வந்தது. “ஐயா, நீங்கள் எழுதியது பிரசங்கம். பிரசங்கத்தை ஞாயிற்றுக்கிழமை கேட்டுக்கொள்கிறேன். படத்தில் என்ன இருக்கிறது?” என்றார்.

சிரித்துக்கொண்டே மறுபடியும் பார்த்தேன். அவர் விடவில்லை. ஆட்டுக்குட்டி தோளில் இருக்கிறதா, கையில் இருக்கிறதா? மற்ற ஆடுகள் அவரைப் பார்க்கின்றனவா? வெயிலா, சாயங்காலமா? ஒவ்வொரு கேள்விக்கும் நான் படத்தைத் திரும்பப் பார்க்க வேண்டியதாயிற்று. கடைசியில் இப்படி எழுதினேன்: “பாறைகள் நிறைந்த சரிவில் இயேசு நடந்து வருகிறார். ஒரு குட்டியை மார்போடு அணைத்திருக்கிறார். அதன் முன்னங்காலில் இரத்தக் கறை. பின்னால் ஏழெட்டு ஆடுகள். ஒன்று மட்டும் வேறு பக்கம் பார்க்கிறது.” அந்தக் கடைசி ஆட்டை அதுவரை நான் கண்டதில்லை. அடுத்த ஞாயிறு என் பிரசங்கம் அந்த ஆட்டைக் குறித்தே அமைந்தது. குருடருக்கு உதவுவதாக எண்ணிப் புறப்பட்ட எனக்கு, பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

அவரிடமிருந்து கற்றவற்றை உங்களோடும் பகிர்ந்துகொள்கிறேன். பள்ளியிலும் அலுவலகத்திலும் அச்சகத்திலும் பணிபுரியும் நம் பிள்ளைகளுக்கு இவை பயன்படும்.

முதலாவது, இந்தப் படம் இங்கே எதற்காக இருக்கிறது என்று கேளுங்கள். அதற்குரிய பதிலே விவரணையின் உயிர். இயேசு கதவைத் தட்டுகிற படத்தை அறியாத கிறிஸ்தவ வீடு நம் பகுதியில் இல்லை. இவ்வகைப் படங்களில் புகழ்பெற்றது, ஹோல்மன் ஹன்ட் என்ற ஆங்கில ஓவியர் 1850களில் தீட்டியது. அந்தக் கதவுக்கு வெளிப்புறம் கைப்பிடி கிடையாது. உள்ளிருப்பவர்தான் திறக்க வேண்டும். “இயேசு கதவைத் தட்டுகிறார்” என்று மட்டும் எழுதினால் அது பொய்யல்ல. ஆனால் ஓவியர் சொல்ல வந்தது விடுபட்டுப்போகும்.

இரண்டாவது, சுருக்கமாக எழுதுங்கள். ஒன்றிரண்டு வாக்கியங்கள் போதும். “இது ஒரு படம்” என்று தொடங்க வேண்டாம். அதைக் கருவியே சொல்லிவிடும். படத்தில் எழுத்து இருந்தால் அதை ஒன்றும் விடாமல் எழுதுங்கள். அறிவிப்பானால் நாள், நேரம், இடம் ஆகிய மூன்றும் கட்டாயம் இருக்க வேண்டும்.

மூன்றாவது, வெறும் அலங்காரத்திற்கு விவரணை வேண்டாம். நம் சபை மடலின் ஓரங்களில் வரும் பூக்கொடியை ஒவ்வொரு பக்கத்திலும் வருணித்தால், கேட்கிறவர் சலித்துப்போவார். கணினியில் வேர்ட் கோப்பில் படத்தின்மேல் வலது பொத்தானை அழுத்தினால் மாற்று உரைக்கான பெட்டி திறக்கும்; அங்கேயே அலங்காரப் படம் என்று குறிக்கவும் வழி உண்டு. முகநூலிலும் படத்தோடு மாற்று உரையைச் சேர்க்கலாம். வாட்ஸ்அப்பில் படத்தின் கீழே எழுதி அனுப்பினால் போதும்.

நான்காவது, அச்சகத்தில் டி.டி.பி. வேலை செய்யும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. நம் அச்சகங்களில் வழங்கும் பழைய எழுத்துருக்கள் பலவற்றில், திரையில் தமிழாகத் தெரிவது கணினிக்குள் ஆங்கில எழுத்தாகவும் குறியீடாகவுமே இருக்கிறது. கண்ணுக்கு அது தமிழ்; திரைவாசிப்பானுக்கு அது பொருளற்ற உளறல். நம் சபை மடலின் கோப்பை அந்தச் சகோதரனுக்கு அனுப்பியபோது அப்படித்தான் ஆயிற்று. யூனிகோட் எழுத்துருவில் தட்டச்சு செய்தால் இந்தத் தடை நீங்கும். தாளை ஸ்கேன் செய்து அனுப்பும் சுற்றறிக்கையும் படமே என்பதை மறவாதிருங்கள்.

‘இப்பொழுது இயந்திரமே படத்தைப் பார்த்துச் சொல்லிவிடுகிறதாமே’ என்று நீங்கள் கேட்கலாம். உண்மை, அது நாளுக்கு நாள் தேறி வருகிறது. அதற்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறேன். ஆனால் அந்த இரவு நான் அனுப்பிய படத்தை அத்தகைய இயந்திரம் கண்டிருந்தால், கண்ணாடி அணிந்த முதியவர் ஒருவர், பூக்கள் என்று சொல்லியிருக்கக்கூடும். அவர் உன் தோழர் என்றும், பையில் இருப்பது லென்ஸ் என்றும் அது எப்படி அறியும்? அது அறிந்தவர் சொல்ல வேண்டிய செய்தி.

இன்னொரு காரியமும் இருக்கிறது. இதைப் பாரத்தோடு எழுதுகிறேன். 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தை நம்மில் யாரும் மறக்கவில்லை. அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ விபத்துகளில் நம் உறவுகளை இழந்திருக்கிறோம். ஓர் ஆலையில் சத்தம் கேட்ட சிறிது நேரத்திற்குள், கருகிய உடல்களின் படங்கள் கைபேசிக்குக் கைபேசி தாவுகின்றன. வேலைக்குப் போன தாயின் பெயரைக் கேட்டு ஆஸ்பத்திரி வாசலில் பிள்ளைகள் நிற்கும்போதே, அவளுடைய படம் ஊரார் கையில் இருக்கிறது. படத்திற்கு விவரணை எழுதப் பழகியபின் எனக்கு ஒரு சோதனை கிடைத்தது. இதில் என்ன இருக்கிறது என்று நான்கு சொற்களில் எழுத முயன்று பாருங்கள். எழுதக் கை கூசுகிறதானால், அனுப்பவும் கூச வேண்டும். கிறிஸ்துமஸுக்குச் சேலை வாங்கும் விதவையின் முகத்தை நாம் வெளியிடுவதும் இதே சோதனைக்கு உட்பட்டதுதான்.

இது சபைக்குப் புதிய ஊழியமும் அல்ல. விரலால் தொட்டு வாசிக்கும் எழுத்தை உருவாக்கிய லூயி பிரெயில் தாமே பார்வையற்றவர். பாரிஸ் நகர ஆலயங்களில் ஆர்கன் வாசித்தவர். நம் அருகே பாளையங்கோட்டையில், 1890ஆம் ஆண்டு மிஷனரி ஆஸ்குவித் அம்மையார் பார்வையற்ற பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி பல தலைமுறைகளை உருவாக்கியிருக்கிறது. நாட்டின் சட்டமும் இன்று இதைக் கேட்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், தகவல்கள் அவர்கள் அணுகும் வடிவில் கிடைக்க வழிசெய்யுமாறு அரசுகளைப் பணிக்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், மின்னணுச் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. சட்டம் கேட்பதற்கு முன்பே அன்பு செய்திருக்க வேண்டும். நான் செய்யவில்லை.

பிரியமானவர்களே, முடிவாக ஒன்றைச் சிந்தியுங்கள். நம்மில் யாரேனும் இயேசுவை மாம்சக் கண்களால் கண்டதுண்டோ? பத்மு தீவில் யோவானுக்குத் தரிசனம் அருளப்பட்டபோது, காண்பதை ஒரு புத்தகத்தில் எழுதி ஏழு சபைகளுக்கும் அனுப்பும்படி கட்டளை பிறந்தது. அவர் கண்டார், சபைகள் காணவில்லை. ஆகவே வெண்மை எப்படிப்பட்ட வெண்மை, குரல் எதைப்போல் ஒலித்தது, கையில் இருந்தது என்ன, பாதங்கள் எதற்கு ஒப்பாயிருந்தன என்று ஒவ்வொன்றாக எழுதினார். பரலோகத்தைக் குறித்து நாம் அறிந்திருப்பதில் பெரும்பகுதி, கண்ட ஒருவர் காணாதவர்களுக்காக எழுதி வைத்ததே. அந்த வகையில் எரிகோ வழியருகே உட்கார்ந்திருந்தவனின் பக்கத்தில்தான் நம் எல்லாருடைய இடமும் இருக்கிறது. யாரோ நமக்குச் சொன்னார்கள். ஆகையால் நாம் கூப்பிட்டோம். அப்படிப் பெற்றுக்கொண்ட நாம், பக்கத்தில் இருப்பவருக்கு இரண்டு வரி எழுதுவதைப் பாரமாக எண்ணலாமா?

அந்தச் சகோதரர் இப்பொழுதும் காலையில் எனக்குப் பதில் அனுப்புகிறார். சில நாட்களில் ‘ஆமென்’ என்று மட்டும் வரும். சில நாட்களில் ‘இன்றைக்குப் பின்னணி என்ன கலர், ஐயா?’ என்ற கேள்வி வரும். அவருடைய பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆனால் நடந்ததை எழுதும்படி அவரே சொன்னார். இதை முதலில் அவருக்கு வாசித்துக் காட்டிய பிறகே உங்களுக்கு அனுப்புகிறேன்.

இந்த வாரம் நீங்கள் அனுப்பும் ஒரு படத்திற்காவது அதில் இருப்பதை எழுதி அனுப்புங்கள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ பார்வை மங்கிய பெரியவர் இருந்தால், அவருடைய கைபேசி அவருக்கு என்ன சொல்கிறது என்று அருகில் அமர்ந்து கேளுங்கள்.

ஜெபம்: இரக்கமுள்ள பிதாவே, நாங்கள் அனுப்பியது போய்ச் சேர்ந்தது என்று எண்ணி அயர்ந்திருந்த குற்றத்தை மன்னியும். விசாரியாமல் சகோதரனை நியாயந்தீர்த்த என் பாவத்தை மன்னியும். வழியருகே உட்கார்ந்திருப்பவர் கேட்கும்போது அதட்டாமல், நீர் கடந்துபோகிறீர் என்று தெளிவாகச் சொல்ல எங்களுக்குக் கிருபை தாரும். எங்கள் பகுதியின் ஆலைகளில் இன்று வேலை செய்கிற ஒவ்வொருவரையும் காத்தருளும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்.

உங்கள் அன்பின் ஊழியன்,
சபைப் போதகர்